மோட்டார் படகின் ஓட்ட வேகம்: குறை எங்கே என்று அறிகுறியை வைத்துப் பிடிப்பது

புதிதாகப் படகு வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதை எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: எத்தனை பேர் ஏறுகிறீர்கள், எவ்வளவு பெட்ரோல் நிரப்பியிருக்கிறீர்கள், காற்று எந்தப் பக்கம், படகின் அடியைக் கடைசியாக எப்போது சுரண்டினீர்கள்? கேட்டவர் முகம் வாடிப்போகும். ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டால் அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்த எண் பொய்யாக இருக்கும். ஓட்ட வேகத்தை, அதாவது நெடுநேரம் நிலையாக ஓட ஏற்ற வேகத்தை, படகுதான் சொல்லும். பெரும்பாலும் அதைப் புகாராகத்தான் சொல்லும்.

கீழே வரும் எண்களெல்லாம் நான் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்து ஓட்டும் 22 அடி ஃபைபர் படகிலிருந்து எடுத்தவை. பின்னால் 115 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். நீரில் பதியும் நீளம் 19 அடி. உங்கள் படகின் எண்கள் வேறாக இருக்கும். அடிப்பகுதி 'வி' வடிவில் இருக்கும் வேகப்படகானால், குணம் இதே குணமாகத்தான் இருக்கும்.

முதலில் ஓர் அட்டவணை

அலை இல்லாத அதிகாலையில், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமான்களோடும் போங்கள். ஆயிரம் ஆர்.பி.எம்.மில் (மோட்டார் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) தொடங்கி ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் நிலையாக ஓடவிட்டு ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தடத்தில் திரும்பி வந்து மறுபடியும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் படகின் வேகம்.

திரும்பி வருவதை விட்டுவிடாதீர்கள். நம் கிழக்குக் கரையில் நீரோட்டம் பிப்ரவரியிலிருந்து மே வரை வடக்கு நோக்கியும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கு நோக்கியும் இழுக்கும். மார்ச் மாதம் ஒரு நாள் நான் 4000 ஆர்.பி.எம்.மில் வடக்கே போனபோது 22.4 நாட் காட்டியது. தெற்கே திரும்பியபோது 19.6. படகின் உண்மையான வேகம் 21. மீதி 1.4 கடல் கொடுத்த கடன், திரும்பும்போது அதுவே பிடுங்கிக்கொண்டது. (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர்.)

முட்டுக்காடு போன்ற காயலில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். ஆழம் குறைந்த நீரில் அலையே வேறு மாதிரி நடந்துகொள்ளும். அங்கே எடுத்த அளவு கடலுக்குப் பொருந்தாது.

எரிபொருள் அளவு காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், டேங்க்கை ஓர் அடையாளம் வரை நிரப்பி, ஒரே ஆர்.பி.எம்.மில் அரை மணி ஓடி, கரைக்கு வந்து மோட்டாரை அணைத்தபின் அளவு கேனால் மறுபடி அதே அடையாளம் வரை நிரப்புங்கள். ஊற்றியதை இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரச் செலவு. என் படகில் வந்தது இது:

1000 ஆர்.பி.எம். – 3.8 நாட் – மணிக்கு 2.5 லிட்டர் – லிட்டருக்கு 1.5 கடல் மைல்
2000 – 6.3 நாட் – 6.5 லிட்டர் – 0.97
2500 – 7.5 நாட் – 10 லிட்டர் – 0.75
3000 – 10.5 நாட் – 14 லிட்டர் – 0.75
3500 – 17 நாட் – 17 லிட்டர் – 1.0
4000 – 21 நாட் – 20 லிட்டர் – 1.05
4500 – 24.5 நாட் – 25 லிட்டர் – 0.98
5000 – 27.5 நாட் – 31 லிட்டர் – 0.89
5700, முழுத் த்ராட்டில் – 31.5 நாட் – 42 லிட்டர் – 0.75

இதில் 2500-ஐயும் 5700-ஐயும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். "பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்" என்று 7.5 நாட் வேகத்தில் உறுமிக்கொண்டு போகிறவரும், 31 நாட் வேகத்தில் பறக்கிறவரும் ஒரு கடல் மைலுக்கு ஒரே அளவு பெட்ரோலைத்தான் எரிக்கிறார்கள். இதை முதன்முதலில் என் கையாலேயே எழுதியபோது, கேனை மறுபடி அளந்து பார்த்தேன்.

அறிகுறி: அணியம் (படகின் முன்முனை) வானத்தைப் பார்க்கிறது, மோட்டார் உறுமுகிறது, படகு போகவில்லை

நீங்கள் மேட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு எதுவும் தன் நீளத்துக்கு ஏற்ற அலையை எழுப்பும். அலையின் முகடு அணியத்திலும் அடுத்த முகடு பின்பலகையிலும் வரும் வேகம்தான் அதன் எல்லை. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 19 அடிக்கு 5.8 நாட். அதற்கு மேல் போனால், தான் எழுப்பிய அலையின் மேலேயே படகு ஏற வேண்டும். ஏறி முடித்துவிட்டால் நீர்ப்பரப்பின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஏறி முடிக்காதவரை மலைச்சாலையில் முதல் கியரில் போகும் பாரவண்டிதான்.

என் படகுக்கு இந்த மேடு 7 நாட்டுக்கும் 15 நாட்டுக்கும் இடையே இருக்கிறது. அங்கே தங்கக் கூடாது: ஒன்று ஆறுக்குக் கீழே இருங்கள், அல்லது பதினேழுக்கு மேலே போங்கள். ஏறும்போது மோட்டாரை முழுக்க உள்ளே ட்ரிம் செய்து (அதாவது அதன் கால் பின்பலகையை ஒட்டி வரும்படி சாய்த்து), த்ராட்டிலைத் தயங்காமல் கொடுத்து, எழும்பியபின் குறையுங்கள். நல்ல நிலையில் உள்ள படகு ஆறேழு விநாடிகளில் எழும்பும்.

அப்படியும் எழும்பவில்லையா? பின்பக்கத்தில் எடை அதிகமா என்று பாருங்கள். ஐஸ் பெட்டி, இரண்டாம் பேட்டரி, பின் இருக்கையில் குந்தியிருக்கும் மூன்று பருத்த நண்பர்கள் என்று எல்லாமே கணக்கில் சேரும். ஒருவரை மட்டும் முன்னால் அனுப்பி மறுபடி முயலுங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை தெரிந்துவிடும். அடுத்தது அடிப்பகுதியில் தேங்கிய நீர்: நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ, அதுவும் அணியம் தூக்கும்போது அத்தனையும் பின்னால் ஓடி வந்து உட்காரும்.

அறிகுறி: பெட்ரோல் கணக்கு உதைக்கிறது

அட்டவணையில் எந்த வரியில் அதிக நேரம் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பத்தில் ஏழு பேர் மேட்டில்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். ஏனென்றால் 9, 10 நாட் "மிதமான வேகம்" போலத் தோன்றுகிறது.

எழும்பி ஓடும்போதும் கணக்கு தப்பினால் ட்ரிம்மைப் பாருங்கள். ஏறுவதற்காக உள்ளே இழுத்த மோட்டாரை அப்படியே மறந்துவிட்டு ஓடுகிறவர்கள் ஏராளம். 4000 ஆர்.பி.எம்.மில் த்ராட்டிலைத் தொடாமல், ட்ரிம் பொத்தானை வெளிப்பக்கம் ஒரு தட்டு தட்டுங்கள். பத்து விநாடி பொறுத்து ஜி.பி.எஸ்.-ஐப் பாருங்கள். வேகம் ஏறியிருந்தால் இன்னொரு தட்டு. ஏறாமல் நிற்கும் இடத்தில், அல்லது அணியம் ஆடத் தொடங்கும் இடத்தில், ஒரு தட்டு உள்ளே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். என் படகில் இதனால் மட்டுமே ஒன்றரை நாட் கூடுகிறது, ஒரு சொட்டு பெட்ரோல் கூடுதலாக எரிக்காமல். ஸ்டியரிங் இலேசாகிவிடும், படகின் இருபக்கமும் பிரியும் நீர்த்தகடு முன்னைவிடப் பின்னால் தள்ளித் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அது.

அட்டவணைப்படி, எழும்பி ஓடும்போது சிக்கனம் 3500-க்கும் 4000-க்கும் இடையே இருக்கிறது. நான் 4000-இல் ஓடுகிறேன். 3500-இல் ஓடுவது மேட்டின் விளிம்பில் நிற்பது போல: ஒரு சின்ன அலை, ஓர் ஆள் எழுந்து பின்னால் நடப்பது, இவ்வளவு போதும்; படகு கீழே விழுந்துவிடும். மறுபடி ஏற்றும் செலவு நீங்கள் சேமித்ததை விழுங்கிவிடும்.

எத்தனை சிக்கனமாக ஓடினாலும் டேங்க்கை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவைக்காத பங்கு ஒன்று. 80 லிட்டரில் போக 26 லிட்டர் என்றால், என் படகில் 27 கடல் மைல். நடுப்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பித் திரும்பும் வழி கரடாகும் என்பதால் நான் இருபதிலேயே திரும்பிவிடுகிறேன்.

அறிகுறி: ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். ஆர்.பி.எம்.மைப் புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அங்குலத்தால் பெருக்குங்கள்; கியர் விகிதத்தால் வகுங்கள்; வந்ததை 1215 ஆல் வகுங்கள். புரொப்பெல்லர் நீரில் வழுக்கவே இல்லையென்றால் படகு போக வேண்டிய வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். என் புரொப்பெல்லர் 17 அங்குல பிட்ச், கியர் 2.15. ஆக 4000-இல் 26 நாட் வர வேண்டும், வருவது 21. வழுக்கல் 19 சதவீதம். முழு வேகத்தில் 15. இந்த வகைப் படகுக்கு இது இயல்பு. மேட்டில் 54 சதவீதம் வரை போகும், அதுவும் இயல்பே. எழும்பி நிதானமாக ஓடும்போது முப்பதைத் தாண்டினால்தான் கோளாறு.

முதல் சந்தேகம் பிளாஸ்டிக் பை. நிறுத்தி, மோட்டாரைத் தூக்கிப் பாருங்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் வேகம் குறைந்தால் பத்துக்கு ஒன்பது முறை அதுதான். அடுத்தது இதழ்களின் விளிம்பு: மணல்மேட்டை ஒருமுறை உரசியிருந்தாலும் போதும். வளைவில் மட்டும் உறுமுகிறது என்றால், புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை இழுக்கிறது. ட்ரிம் அதிகமாக வெளியே இருக்கலாம், அல்லது மோட்டார் பின்பலகையில் உயரமாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் கிடைத்தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ சற்றே மேலாகவோ இருப்பது வழக்கம்.

மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாக இருந்து, அழுத்தினால் மட்டும் மோட்டார் தனியே கூச்சலிடுகிறதா? புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் குடம் விட்டுப்போயிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. உள் உருளையிலிருந்து வெளிக்குடம் வரை பெயின்டால் நேராக ஒரு கோடு இழுங்கள். காய்ந்தபின் ஐந்து நிமிடம் அழுத்தி ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றால், குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். அந்தப் புரொப்பெல்லரோடு கரை வரை மெதுவாக வரலாம். மறுநாள் அதோடு கடலுக்குப் போகக் கூடாது.

அறிகுறி: முழுத் த்ராட்டிலில் உரிய ஆர்.பி.எம். வரவில்லை, அல்லது மீறுகிறது

கையேட்டில் முழுத் த்ராட்டில் வரம்பு இருக்கும். இந்த அளவு நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களுக்குப் பெரும்பாலும் 5000 முதல் 6000. வழக்கமான பாரத்தோடு அதன் மேல்பாதியைத் தொட வேண்டும். 4800-இலேயே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம்: பாரவண்டியை மேல் கியரில் ஓட்டுகிறீர்கள், நிதான வேகத்திலும் மோட்டார் திணறிக்கொண்டுதான் இருக்கும். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். வரம்பை மீறினால் அதற்கு நேர்மாறு. இதைச் சரிசெய்யாமல் ஓட்ட வேகத்தைத் தேடுவது வீண்.

அறிகுறி: ஏற்றம் இறைப்பதுபோல் அணியம் மேலும் கீழும் ஆடுகிறது

அலையே இல்லாத நீரிலும் ஆடுகிறதென்றால் ட்ரிம் அதிகமாக வெளியே இருக்கிறது. உள்ளே கொண்டுவாருங்கள். நிற்கவில்லையென்றால் எடையை முன்னால் நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: எதிர் அலையில் அடி அறைகிறது

காலையில் 21 நாட் வேகத்தில் கண்ணாடி மேல் போவதுபோல் போன அதே வழியில், பிற்பகல் சோழகக் காற்றில் (தென்காற்றில்) தெற்கே திரும்பும்போது ஒவ்வொரு அலையும் முதுகெலும்பில் எண்ணிக்கொண்டு போகும். குறைக்கத்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால், உடம்பு கேட்கும் வேகம் 13, 14. அது மேட்டின் மேல் இருக்கிறது.

ட்ரிம்மை முழுக்க உள்ளே கொண்டுவாருங்கள். பின்பலகையில் ட்ரிம் தகடுகள் இருந்தால் அவற்றையும் இறக்குங்கள். அணியம் தாழும், 'வி'யின் கூர்மையான முன்பகுதி அலையை வெட்டும், படகு விழாமல் எழும்பி நிற்கும் குறைந்தபட்ச வேகமும் இறங்கும். என் படகில் அது பதினாறிலிருந்து பதின்மூன்றுக்கு வருகிறது. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும். கூடவே அலையை நேருக்கு நேர் சந்திக்காமல் இருபது முப்பது பாகை சாய்த்துப் போய், பிறகு மறுபக்கம் சாய்த்து வாருங்கள். அணியத்தில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். அறை முழுவதும் அங்கேதான் விழும்.

பதின்மூன்றும் தாங்கவில்லையென்றால் ஒரேயடியாக ஆறுக்கு இறங்குங்கள். இருட்டுவதற்குள் கரை சேர முடியாதென்றால் இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: பின்அலையில் படகு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கிறது

இதுதான் ஆளைக் கொல்லும் அறிகுறி. எதிர் அலை வலிக்கும். அதனால் எல்லோரும் தானாகவே குறைப்பார்கள். பின்அலை சுகமாக இருக்கும்.

ஆழ்நீரில் அலையின் வேகத்தைக் கையால் கணக்கிடலாம்: ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் பெருக்குங்கள். ஆறு விநாடி அலை ஏறக்குறைய 18 நாட் வேகத்தில் ஓடுகிறது. நீங்களும் 18-இல் ஓடினால் ஒரே அலையின் முகத்தில் நெடுநேரம் சறுக்கிக்கொண்டிருப்பீர்கள். அப்போதுதான் சுக்கான் பிடி இழக்கும். இருபத்தொன்றில் போனால் அலைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முகட்டைத் தாண்டும்போதும் த்ராட்டிலைக் குறைத்து, ஏறும்போது கொடுத்து, கையை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். முடியாதவர்கள் அலை தம்மைக் கடந்து போகும்படி மெதுவாகப் போகட்டும். இரண்டிலும் ட்ரிம் வெளியே. அணியம் தூக்கியிருக்க வேண்டும்.

முகத்துவாரத்தில் கணக்கு மாறும். ஆழம் குறையக் குறைய அலை மெதுவாகிச் செங்குத்தாகும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் ஒன்பது நாட்டுக்குள் வந்துவிடும். தேங்காய்த்திட்டு வாயில் மணல் சேரும் நாள்களில் இதைப் பார்க்கலாம். நான் படகு ஓட்டத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் இருபது நாட் வேகத்திலேயே உள்ளே வந்தேன். முன்னால் போன அலையின் முதுகில் ஏறி, முகட்டைத் தாண்டி, அடுத்ததன் முதுகில் அணியத்தைக் குத்தினேன். பச்சைத் தண்ணீர் கண்ணாடிக்கு மேலாக வந்து விழுந்தது. ஐஸ் பெட்டி மிதந்தது. முழங்கால் வரை நீர். கூட வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டார் நிற்காததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே செய்ய வேண்டியது: வெளியே நின்று அலைகளைப் பாருங்கள். பெரியவை இரண்டு மூன்று சேர்ந்து வரும், பிறகு சிறியவை வரும். ஓர் அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முகட்டைத் தாண்டாமல், அதன் வேகத்திலேயே உள்ளே போங்கள். அது எட்டு ஒன்பது நாட், அதாவது நான் தங்கக் கூடாது என்று மேலே சொன்ன அதே மேடு. அணியம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, பெட்ரோலை வாரி இறைத்துக்கொண்டு போகும் அந்த அவலட்சணமான வேகம்தான் அந்த இருநூறு மீட்டருக்குச் சரியான வேகம்.

அறிகுறி: மாதத்துக்கு மாதம் வேகம் தேய்கிறது

படகை நீரிலேயே கட்டிவைத்திருந்தால் கொட்டலசும் பாசியும் அடியில் குடியேறும். நம் கடலின் வெப்பத்துக்கு அவை சில வாரங்களிலேயே வந்துவிடும். இரண்டு மாதம் கட்டிக் கிடந்தபின் என் படகு 4000-இல் 18.5 நாட்தான் போனது. முழுத் த்ராட்டிலில் 5300-ஐத் தாண்டவில்லை. பழைய அட்டவணை கையில் இல்லாதிருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றியிருப்பேன். கரையேற்றி, அடியையும் மோட்டாரின் காலையும் புரொப்பெல்லரையும் சுரண்டியபின் 20.8 வந்தது. குளிர்நீர் உள்ளே போகும் துளைகளையும் விடாதீர்கள்: மோட்டாரின் பின்னால் பீச்சும் நீர்த்தாரை மெலிந்திருந்தால், வேகக் குறைவுக்கு மோட்டார் சூடாகித் தன்னைத்தானே அடக்கிக்கொள்வதும் காரணமாக இருக்கலாம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் முன்னால் இருப்பது தெரியவில்லை

இரவு, மழை, எதிர்வெயில். 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 6-ஆம் விதி இதைத்தான் பேசுகிறது: பார்வைத் தூரம், படகுகளின் நெரிசல், காற்று, ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து, சூழ்நிலைக்கு ஏற்ற தூரத்துக்குள் படகை நிறுத்தக்கூடிய வேகமே பாதுகாப்பான வேகம். நம் கரையோரத்தில் அதற்கு இன்னொரு பெயர் வலை. தெர்மாகோல் துண்டையோ காலி கேனையோ மிதவையாகக் கட்டிய வலைகளை, சூரியன் எதிரே இருக்கும்போது இருபது நாட் வேகத்தில் யாரும் பார்த்துவிட முடியாது. அத்தகைய நேரத்தில் ஆறு நாட், ஒருவர் அணியத்தில் நின்று கண்காணிக்க வேண்டும், அவசர நிறுத்தக் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

வலை சுற்றிக்கொண்டால் உடனே மோட்டாரை அணைத்துத் தூக்குங்கள். ரிவர்ஸில் போட்டு உதறப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். இருக்கைக்கு அடியில் ஒரு பல்கத்தி கட்டிவைத்திருக்கிறேன். ஆனால் முதலில் கையால் பிரிக்கத்தான் உட்காருவேன், அரை மணி ஆனாலும். சென்ற முறை அப்படி உட்கார்ந்திருந்தபோது வலைக்காரரே தம் படகில் வந்துவிட்டார். திட்டிக்கொண்டே இறங்கி, மூன்று நிமிடத்தில் பிரித்துக் கொடுத்தார்.